காருக்குப் பின் பிறந்த எஞ்சின்

குகன், அந்தப் பச்சைக் காரின் எஞ்சின் இலக்கத்தை அரைத்து அழித்துவிட்டு வேறு இலக்கம் அடித்தது நீ. அதை என் தலையில் கட்டிவிட்டதும் நீ.

இதை முதலில் சொல்லிவிட்டேன். இனி மற்றவர்களோடு பேசுகிறேன்.

பாரிஸ் லா ஷப்பலில் எங்கள் பழைய பட்டறையில் இப்போது வேலை செய்கிற உங்கள் மூன்று பேருக்கும், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற மற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். "வேலை அனுபவத்தை எழுதித் தாங்கோ அண்ணை, இளம் ஆக்களுக்குப் பிரயோசனமா இருக்கும்" என்று சங்க மலர்க்காரர் கேட்டார்கள். எழுதிக் கொடுத்ததும், "பெயரை மட்டும் எடுத்துவிடுவமே?" என்றார்கள். பெயரோடு போடுங்கள், இல்லாவிட்டால் முழுவதையும் திருப்பித் தாருங்கள் என்றேன். போட்டிருக்கிறார்கள். நன்றி.

தொழில் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் சில கார்கள் செய்தார்கள். சாதாரணக் கார் உடம்பு, உள்ளே லொறியையே இழுக்கக்கூடிய எஞ்சின். பிரான்சிலும் அதற்கு விசர் பிடித்தவர்கள் உண்டு. அவர்களுக்குக் கார் ஓடினால் போதாது. எஞ்சினைத் திறந்து பார்த்தால், தொழிற்சாலைக் கதவால் வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும். பெயின்ற் நிறம், குழாயில் ஒட்டிய தாள், ஆணியின் தலை எல்லாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சினில் பதித்த இலக்கம் காரின் இலக்கத்தோடு பொருந்தவேண்டும். பொருந்தினால் அது அந்தக் காரோடு பிறந்த எஞ்சின். பொருந்தாவிட்டால் கெட்ட கார் என்று இல்லை. ஆனால் அதைக் காரோடு பிறந்தது என்று சொல்லி விற்கக்கூடாது.

நான் இந்த வேலைக்கு 2009இல் வந்தேன். அதற்கு முன் பதினொரு வருஷம் ரெஸ்ரோறன்ற் பிளோஞ்சில் நின்றவன். அதாவது கோப்பை, சட்டி கழுவினேன். குகன் என்னைவிடப் பத்து வயது இளையவன், எனக்கு முன்பே பட்டறையில் இருந்தான். அவன்தான் முதலாளியிடம், எங்கள் வாயில் பத்ரோனிடம், சொல்லி என்னைச் சேர்த்துவிட்டவன். அதை மறைக்க நான் ஆள் இல்லை.

முதல் கிழமை பத்ரோன் ஓர் எஞ்சினைக் காட்டி, துப்புரவாக்கு என்றார். பிரெஞ்சுக்காரர், சொல் சிக்கனமானவர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் துப்புரவு என்றால் ஒரே ஓர் அர்த்தம்தான் தெரியும். பெரிய சமையல்காரர் விரலால் தடவிப் பார்த்தாலும் ஒன்றும் ஒட்டக்கூடாது. இரண்டு நாள் நின்று தேய்த்தேன். எஞ்சினின் பக்கத்தில் மஞ்சள் கிறயோனால் ஏதோ கிறுக்கியிருந்தது. ஓர் ஆணித்தலையில் நீலப் பெயின்ற் பொட்டு. ஊற்றித் தேய்த்தேன், போய்விட்டது. பெருமையாக இருந்தது.

எங்களோடு புதுச்சேரிக்காரர் ஒருவர் வேலை செய்தார். வயர் வேலை முழுக்க அவருடையது. அவர் பெயரை எழுதமாட்டேன், அச்சில் பெயர் வருவது அவருக்குப் பிடிக்காது. வந்து எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார்.

"முசியே, நல்லா கழுவினீங்க. இப்ப இதுல பிரியாணியே கிண்டலாம்."

நான் சிரித்தேன்.

"சிரிக்காதீங்க. இங்க மஞ்சள்ல ஒண்ணு எழுதியிருந்துச்சே, எங்க?"

"அந்தக் கிறுக்கலோ? துடைச்சிட்டன்."

அவர் முக்காலியில் இருந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். அது கிறுக்கல் இல்லை. நாற்பது வருஷத்துக்கு முன் தொழிற்சாலையில் எஞ்சினைச் சோதித்தவன், "பார்த்துவிட்டேன், சரி" என்று எழுதி வைத்த குறி. கார்ச் சொந்தக்காரர் ஒரு பல் வைத்தியர். அந்தக் குறி அழியாமல் இருக்கிறது என்பதற்காகவே அந்தக் காரை வாங்கினவர். அன்று பின்னேரம் வரப்போகிறார்.

பிளோஞ்சுக்குத் திரும்பிப் போவதுதான் என்று நினைத்தேன். குகன் தோளில் தட்டினான்.

"அண்ணை, ஏன் முழிக்கிறியள்? ஓடிப்போய் மஞ்சள் கிறயோன் ஒண்டு வாங்கி வந்து எழுதிவிடுங்கோ. முந்தி எழுதினவன் வந்தே சாட்சி சொல்லப்போறான்?"

போனேன். வாங்கினேன். ஒரு வட்டம், அதற்குள் 71 என்று இருந்தது நினைவில் இருந்தது. அதே இடத்தில் எழுதி, விரலில் கிறீஸ் தொட்டுக் கொஞ்சம் மங்கவும் வைத்தேன். குகன் பார்த்து, "அச்சொட்டு" என்றான்.

பல் வைத்தியர் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு பத்ரோனிடம் அமைதியாக ஒன்று கேட்டார்: "அமெரிக்காவில் ஏழுக்கு நடுவில் கோடு போடுவார்களா?"

பிரெஞ்சுக்காரர் ஏழு எழுதினால் நடுவில் ஒரு குறுக்குக்கோடு இழுப்பார்கள். நானும் விசாவுக்குப் பிரெபெக்தூர் அலுவலகப் படிவங்களை நிரப்பி நிரப்பி அப்படியே பழகிவிட்டேன். டெட்ராய்ட் கார்த் தொழிற்சாலையில் நின்றவன் போடமாட்டான். நாற்பது வருஷத்துக்கு முந்திய அமெரிக்க எஞ்சினில் விசா வரிசையில் நின்றவனின் ஏழு.

பத்ரோன் எங்களைப் பார்த்தார். குகன் தரையைப் பார்த்தான். புதுச்சேரிக்காரர் என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் எனக்கு யோசிக்கக் கிடைத்தது ஒரு மூச்சு நேரம்தான். எனக்குத் தெரிந்த உடைந்த பிரெஞ்சில் சொன்னேன்: கழுவினது நான், எழுதினதும் நான்.

பல் வைத்தியர் கத்தவில்லை. சட்டைப்பையில் இருந்து கைலேஞ்சியை எடுத்து, நான் எழுதியதைத் தானே துடைத்தார். பிறகு ஒரு தாள் கேட்டார். என்ன இருந்தது, எங்கே இருந்தது, அதை நீ என்ன செய்தாய் என்று எழுதிக் கீழே கையெழுத்து வை என்றார். வைத்தேன். அந்தத் தாளை மடித்துத் தன் காரின் பத்திரங்களோடு வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு பத்ரோன் ஒரு முறை கொண்டுவந்தார். எந்த எஞ்சினிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் படமுன், அதைத் திறந்தவர் கண்டதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். நீங்கள் இன்றைக்கு நிரப்புகிற தாள் அதுதான். அது என் பிழையில் இருந்து வந்தது. யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள், நான் சொல்கிறேன். வெட்கமில்லை.

தாளோடு நான் இன்னொன்றும் பழகினேன். பதித்த இலக்கத்தின் மேல் கொப்பித் தாளை வைத்து, பென்சிலைச் சரித்துத் தேய்ப்பேன். சின்ன வயதில் சில்லறைக் காசை வைத்துத் தேய்ப்போமே, அப்படித்தான். இலக்கம் மட்டும் இல்லை, அந்த இரும்பைச் சீவிய இயந்திரம் விட்ட மயிரிழைக் கோடுகளும் தாளில் வரும். அந்தக் கொப்பிகள் எல்லாம் பாரிசுக்கு வெளியே, கார்ஜ் என்ற ஊரில் என் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. மனைவிக்கு அந்த அலுமாரியில் சேலை வைக்க இடமில்லை.

அழுக்கு என்று உங்களுக்குப் படுவதை முதலில் வாசியுங்கள். பிறகு கழுவுங்கள்.

கழுவப் பழகியவனுக்கு அடுத்த தண்டனை பெயின்ற். எஞ்சினுக்குச் செம்மஞ்சள் பூசச் சொன்னார்கள். ஓரம் ஓரமாக நாடா ஒட்டி, ஒரு சொட்டு வெளியே போகாமல் பூசினேன். புதுச்சேரிக்காரர் வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னங்க இது, சாமி சிலைக்குப் பூசின மாதிரி! அந்தத் தொழிற்சாலையில வரிசையா வந்துக்கிட்டே இருக்கும். சொய்ங், சொய்ங்னு அடிச்சி அனுப்பிச்சிடுவான். புகைக்குழாய் மேலயும் தெறிச்சிருக்கும், கீழ பாதி பூசாமலும் கிடக்கும். நீங்க அவன விட ஒழுங்கா அடிச்சா அது பொய்யி."

அன்றைக்குத்தான் விளங்கியது. எங்கள் வேலை அழகாக்குவது இல்லை. அவன் அவசரத்தை அவசரமாகவே விடுவது. ஒழுங்காகப் பூசப் பழக எனக்கு ஒரு மாதம் போனது, ஒழுங்கில்லாமல் பூசப் பழக ஒரு வருஷம். வாடிக்கையாளர் வந்து "இன்னும் மினுக்கு" என்று நெருக்குவார். மினுக்கினால் சிரித்துக்கொண்டு போவார். விஷயம் தெரிந்த ஒருவர் அவருடைய காரைப் பார்க்கும் நாளில், உங்களைத் தேடி வருவார். அப்போது அவர் சிரிக்கமாட்டார்.

குகனைப் பற்றி நல்லதும் எழுதவேண்டும். இல்லாவிட்டால் நான் கேட்பது உங்களுக்கு விளங்காது.

ஒரு சனிக்கிழமை, ஒரு வருஷ வேலை முடிந்த எஞ்சினை முதல்முறை இயக்கும் நாள். சொந்தக்காரர் குடும்பம், நண்பர்கள், படம் எடுக்க ஒருவர் என்று இருபது பேர் முற்றத்தில் நின்றார்கள். கையில் கிளாஸ். எஞ்சினை இயக்கும் திறப்பு குகன் கையில். எஞ்சின் பிடித்தது, அந்த முழக்கத்தில் முற்றத்துச் சன்னல்கள் அதிர்ந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். அந்த நேரத்தில் குகன் திறப்பைத் திருப்பி நிறுத்திவிட்டான்.

சொந்தக்காரருக்கு முகம் கறுத்தது. பத்ரோன், "என்ன செய்கிறாய், இன்னும் ஓடவிடு" என்றார். குகன் முள்ளைக் காட்டினான். ஒயில் அழுத்தம் ஏறவில்லை.

"நான் ஓடவிடமாட்டன். நீங்கள் என்னை நாளைக்கு வேலையாலை நிப்பாட்டினாலும் சரி" என்றான்.

இருபது பேரும் கலைந்து போனார்கள். கழற்றிப் பார்த்தோம். ஒயில் போகும் துவாரத்தில் ஒரு துணித்துண்டு. தூசி போகாமல் இருக்க நான் செருகி, எடுக்க மறந்த துணி. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் ஒரு வருஷ வேலை இரும்புக் குப்பை. குகன் என்னைத் திட்டவில்லை. துணியை என் தோளில் போட்டுவிட்டு, "இந்தாங்கோ அண்ணை, சால்வை" என்றான். அவ்வளவுதான்.

அந்தக் குகனை நான் மதித்தேன்.

இனிப் பச்சைக் கார்.

அது 2016இல் வந்தது. எஞ்சினைத் திறந்தவன் நான். வழமைபோல முன்பக்கத்து இலக்கத்தைத் தேய்த்து எடுத்தேன். காரின் இலக்கத்தோடு பொருந்தவில்லை. பின்பக்க விளிம்பில் இன்னொன்று இருக்கும். இரும்பை வார்க்கும்போதே அச்சில் வரும் திகதி, மேலே எழும்பி நிற்கும் எழுத்து. அதையும் பார்த்தேன். கார் மாசி மாதம் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. எஞ்சினை வார்த்தது அதற்கு மூன்று மாதம் கழித்து, வைகாசியில். காருக்குப் பின் பிறந்த எஞ்சின் எப்படி அந்தக் காரோடு பிறந்ததாகும்? இடையில் யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

தாளில் எழுதினேன். முதல் பக்கத்தில் கண்ட நிறங்கள், ஆணிகள், குழாய்கள். இரண்டாம் பக்கத்தில் இலக்கமும் திகதியும், "இது இந்தக் காரின் எஞ்சின் அல்ல" என்ற வரியும். இரண்டு பக்கத்திலும் கையெழுத்து வைத்தேன். பத்ரோன் சொந்தக்காரருக்கு நேரே சொன்னார். அவர் தோளைக் குலுக்கி, "நல்ல எஞ்சின்தானே, அதையே செய்யுங்கள்" என்றார். ஒருவரும் ஒருவரையும் ஏமாற்றவில்லை.

எஞ்சின் தாங்கியில் நிற்கும்போது ஆயுத பூசை வந்தது. ஒவ்வொரு வருஷமும் பட்டறையில் செய்வோம். பெற்றோல் மணக்கிற இடத்தில் கற்பூரம் வேண்டாம் என்று பத்ரோன் கைகூப்பிக் கேட்டதால் பற்றரி விளக்கு. கடலையும் வடையும் அவருக்குத்தான் முதல் தட்டு. திறப்புகள், சுத்தியல், எஞ்சின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அந்த வருஷம் எஞ்சினுக்குப் பொட்டு வைத்தது குகன். "முகத்திலை வை" என்று நான் சொல்ல, "இதுக்கு முகம் எந்தப் பக்கம் அண்ணை?" என்று கேட்டுவிட்டுப் பின்பக்க விளிம்பில் வைத்தான். எல்லாரும் சிரித்தோம். அவன் விரல் பொட்டில் இருக்கும்போதே புதுச்சேரிக்காரர் படம் எடுத்தார்.

பிறகு பத்ரோன் ஓய்வு பெற்று, பட்டறையைக் குகன் எடுத்தான். அவனுக்குக் கீழேயும் நான் இரண்டு வருஷம் வேலை செய்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன். பச்சைக் காரின் சொந்தக்காரருக்குக் காலில் சத்திரசிகிச்சை. கிளச் மிதிக்க முடியாமல் காரைக் குகனுக்கே விற்றுவிட்டார். இப்போது குகன் அதை விற்கிறான், பிறந்த எஞ்சினோடு இருக்கிற கார் என்று.

வாங்க வந்தவர் ஒரு நிபுணரை அனுப்பியிருக்கிறார். நிபுணர் முன்பக்கத்தைப் பார்த்தார். இலக்கம் பொருந்துகிறது. ஆனால் இலக்கத்தைச் சுற்றி மயிரிழைக் கோடுகள் இல்லை, இரும்பு வழுவழு என்று இருக்கிறது. ஏன் என்று கேட்டார்.

குகன் சொன்ன பதில் இது: "முந்தி இங்கே ஒரு வயதானவர் இருந்தார். அவருக்குக் கழுவுகிற விசர். அரைத்துத் துப்புரவாக்கிவிட்டு அதே இலக்கத்தைத் திரும்ப அடித்துவிட்டார். அவர் 2009இலும் இப்படி ஒன்று செய்தவர். இதோ அவர் கையெழுத்து." காட்டியது பச்சைக் காருக்கு நான் எழுதிய தாளின் முதல் பக்கம். இரண்டாம் பக்கத்தைக் காணவில்லை.

பாருங்கள். நான் பல் வைத்தியருக்கு முன் நின்று ஒப்புக்கொண்ட பிழை, இப்போது இவன் செய்த களவுக்குச் சாட்சி.

இதை எனக்குச் சொன்னது உங்களில் ஒருவர். லா ஷப்பலில் தேத்தண்ணிக் கடையில் வைத்துச் சொன்னார். "நிபுணர் கேட்டால் அப்பிடித்தான் எண்டு சொல்லச் சொல்லி எங்களுக்கும் சொல்லியிருக்கிறார் அண்ணை" என்றார். யார் என்று எழுதமாட்டேன். குகன், தேடித் திரியாதே.

நான் அவனுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அண்ணை, நீங்கள் பென்சன் எடுத்துக்கொண்டு வீட்டிலை இருக்கிறியள். உங்களுக்கு இதாலை என்ன நட்டம்?"

"என்ரை கையெழுத்து."

"கையெழுத்தாம்! என்ன, ஜனாதிபதியின்ரை கையெழுத்தே? வாங்குறவன் ஞாயிற்றுக்கிழமையிலை சோ காட்ட வாங்குறான். அவன் எஞ்சினுக்குப் பின்னாலை தலையை விட்டுப் பாக்கப்போறானே?"

"நான் பாத்தனான்."

"உங்களை ஆர் கேட்டது?" என்றுவிட்டு வைத்துவிட்டான்.

என்னை யாரும் கேட்கவில்லைத்தான். பிளோஞ்சில் பதினொரு வருஷம் நின்றேன், கழுவின சட்டியில் யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. இந்தத் தொழிலில்தான் முதல்முறை, நீ கண்டதை எழுது, உன் பெயரைப் போடு என்றார்கள். என் பெயரைப் போட்டு நான் பொய் எழுதியதில்லை. ஒருதரம் எழுதினேன், மஞ்சள் கிறயோனால், பெயர் போடாமல். அதையும் அன்றே ஒப்புக்கொண்டேன்.

உங்கள் மூன்று பேருக்கும் ஒன்று சொல்கிறேன். கையெழுத்து வைக்கிற ஒவ்வொரு பக்கத்துக்கும் பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். ஒரு பக்கத்தைக் காட்டி மறு பக்கத்தை மறைக்கிற நாள் வரும். முதலாளி சொல்லச் சொன்னதை நிபுணருக்குச் சொன்னால், அதற்குப் பிறகு அது முதலாளியின் பொய் இல்லை, உங்களுடையது. வேலை போகும் என்று பயமாக இருக்கும். எனக்கும் அந்தப் பின்னேரம் இருந்தது. பல் வைத்தியருக்கு முன் வாய் திறந்த பிறகு அந்தத் தொழிலில் பல வருஷம் இருந்தேன்.

இப்போது உன்னிடம் திரும்ப வருகிறேன், குகன்.

இந்த முறை ஏழுக்கு நடுவில் கோடு போடவில்லையாம். கவனமாக அமெரிக்க எழுத்து அச்சுத் தேடி வாங்கியிருக்கிறாய். என் பிழையில் இருந்து நீ படித்தது அவ்வளவுதான். ஆனால் எஞ்சினைக் கழற்றாமல் முன்பக்கத்தை மட்டும் அரைத்திருக்கிறாய். பின்பக்கம் காரின் உட்சுவரோடு ஒட்டி இருக்கிறது, கிறைண்டர் நுழையாது. வைகாசி இன்னும் அங்கேயே இருக்கிறது. கண்ணாடி வைத்துப் பார்த்த ஒருவர் எனக்குச் சொல்லிவிட்டார். இதை வாசித்ததும் கழற்றி அரைக்கலாம் என்று நினைப்பாய். அரைத்துக்கொள். தேய்த்தெடுத்த தாள் என் கொப்பியில். திகதி ஆயுத பூசைப் படத்தில், உன் விரலுக்கு நேரே கீழே, சந்தனப் பொட்டோடு. முகம் எந்தப் பக்கம் என்று கேட்டாயே, அந்தப் பக்கம்தான்.

இந்த மலரின் பின் அட்டையில் உன் விளம்பரம் இருக்கிறது, அதனால் வெளியீட்டுக்கு முன்பே உனக்கு ஒரு பிரதி வந்திருக்கும். வெளியீட்டு நாளில் விளம்பரக்காரருக்கு முன்வரிசை. மண்டப வாசலில் சனம் படம் எடுக்க அந்தப் பச்சைக் காரை நிறுத்தப்போகிறாய் என்றும் கேள்வி. நல்லது. வாங்க வருபவரையும் அவருடைய நிபுணரையும் கூட்டிக்கொண்டு வா. நான் கொப்பியோடும், ஒரு சின்னக் கண்ணாடியோடும், ரோச் லைற்றோடும் வாசலில் நிற்பேன்.

அன்றைக்கு இருபது பேருக்கு முன்னால், பத்ரோன் சொல்லியும் கேளாமல், திறப்பைத் திருப்பி நிறுத்தினவன் நீ. எனக்கு ஃபோன் எடுக்காதே. ஆள் விட்டுச் சமாதானம் பேசாதே. மேடையில் மைக் இருக்கும், எழும்பி வா. முதலில் பொனற்றைத் திற. பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லு: அந்த இலக்கத்தை அரைத்தது ஆர்?